மருந்துப் பெட்டியுடன் காட்டுக்குப் போனவர்

கடந்த வருடம் எங்கள் கல்லூரியின் சமூக சேவைக் கழக மாணவிகள் இருபது பேர், இரண்டு ஆசிரியைகளுடன், மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே கடலோரமாக உள்ள ஒரு வேடர் கிராமத்துக்குச் சென்றோம். அப்பியாசக் கொப்பி, உடுபுடவை, பால்மா, சவர்க்காரம் எல்லாவற்றையும் முதல்நாளே பொதிசெய்து, ஒவ்வொரு பொதியிலும் கல்லூரியின் பெயரை ஒட்டியிருந்தோம். அந்த மக்களை வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தோம். படம் எடுத்தோம். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறப்போகும்போது ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்தார். என் ஊர் எது, என் பெயர் என்ன என்று நல்ல தமிழில் விசாரித்தார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, தன்னுடைய பெயரை இன்று ஒருவருமே கேட்கவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை என்னுடனேயே வந்தது. எழுபது பொதிகள் கொடுத்தோம். ஒரு பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் எங்கள் தமிழ் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. வைத்தியர் ஸ்பிட்டலைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார். அப்படித் தேடியதில் நான் அறிந்துகொண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையை சகோதரிகளோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

றிச்சர்ட் லயனல் ஸ்பிட்டல் 1881 டிசம்பர் மாதம் 9ஆம் திகதி தெற்கே தங்காலையில் பிறந்தார். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பம். தகப்பனார் அரசாங்க வைத்தியர். நகரங்களை விட்டு ஒதுங்கிய ஊர்களில் கடமையாற்றியவர். நோயாளிகளைப் பார்க்க அவர் போகும் வழிகளிலேயே மகனுக்குக் காடு பழக்கமாகியது. ஸ்பிட்டல் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பின்னர் இலங்கை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். இங்கிலாந்து சென்று சத்திரசிகிச்சையில் எப்.ஆர்.சி.எஸ். தகைமை பெற்றுத் திரும்பி, கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணரானார். மாணவர்களுக்குச் சத்திரசிகிச்சைப் பாடநூலும் எழுதினார். அவர் மணந்துகொண்ட கிளாரிபெல் வான் டோர்ட் அம்மையாரும் வைத்தியரே. பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்.

பேரும் பணமும் கொழும்பிலேயே கிடைத்த ஒருவருக்குக் காட்டுக்குள் என்ன வேலை? இந்தக் கேள்விதான் எனக்கும் முதலில் எழுந்தது. அதற்குப் பதில் காண, வேடர்களைப் பற்றியும் அவர்களைப் பீடித்த ஒரு நோயைப் பற்றியும் கொஞ்சம் அறிய வேண்டியிருந்தது.

நாம் எல்லோரும் இந்தத் தீவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களாக வேடர்கள் கருதப்படுகிறார்கள். கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலேயே அவர்களைப் பற்றிய விபரம் உண்டு. மகியங்கனை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களைச் சுற்றிய காடுகள் அவர்களுடைய தாயகம். தங்களை அவர்கள் வன்னியலெத்தோ என்று சொல்கிறார்கள். காட்டில் வாழ்வோர் என்பது அதன் பொருள். நமது பக்கத்தில் வாகரை, பனிச்சங்கேணி, களுவன்கேணி முதலிய இடங்களில் இருப்பவர்கள் கரையோர வேடர்கள். இவர்கள் தமிழ் பேசுகிறார்கள், மீன்பிடிக்கிறார்கள், சேனைப்பயிர் செய்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். 1907இலும் 1908இலும் இலங்கைக்கு வந்து வேடர்களை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட பெரிய நூலில் கரையோர வேடர்களுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது.

இன்றைய அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன்னர் மகாஓயாவும் அதையடுத்த பொல்லெபெத்தயும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மேற்கே போனால் அந்தக் காட்டுப்பக்கத்தை அடையலாம். ஆகவே ஸ்பிட்டலின் நூல்களில் வரும் காடுகளில் ஒரு பகுதி நமது மாவட்டத்தின் காடு. அங்கே மழை பெய்தால் நமது ஆறுகளில் வெள்ளம் வரும். அவ்வளவு அருகில் இருந்த மக்களை நான் அதுவரை பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

இனி அந்த நோய். அதன் பெயரும் பறங்கி. போர்த்துக்கேயரோடு வந்த வியாதி என்று நம்பியதால் மக்கள் வைத்த பெயர் அது. பறங்கி வைத்தியர் ஒருவர் பறங்கி நோயைத் தீர்க்கப் போனார் என்று சொல்லும்போது வேடிக்கையாக இருக்கலாம். நோய் வேடிக்கையானது அல்ல. தோலோடு தோல் படுவதால் பரவும். பெரும்பாலும் சிறுவர்களையே முதலில் பிடிக்கும். உடம்பெல்லாம் புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் வருடங்கள் கழித்து எலும்பையும் தின்று, காலையும் முகத்தையும் உருக்குலைக்கும். அதற்குக் காரணமான கிருமியை 1905இல் கொழும்பில் வைத்தே அல்டோ கஸ்தலானி என்ற இத்தாலிய வைத்தியர் கண்டுபிடித்தார். 1910க்குப் பின்னர் வந்த ஊசிமருந்து அந்தப் புண்களை விரைவில் ஆற்றியது. ஆனால் ஆஸ்பத்திரி இருந்தது பட்டினத்தில். நோய் இருந்தது காட்டில். இரண்டுக்கும் நடுவில் பாதை இல்லை.

அந்த வழியைத்தான் ஸ்பிட்டல் நடந்தார். விடுமுறை கிடைத்த போதெல்லாம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வாகனம் போகும்வரை வாகனம், பிறகு மாட்டுவண்டி, அதற்கப்பால் கால்நடை. புண்ணைக் கழுவினார், ஊசி போட்டார், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். பறங்கி நோயைப் பற்றி 1923இல் ஒரு மருத்துவ நூலே எழுதினார்.

இங்கே நான் ஒன்றைக் கவனித்தேன். வேடர்களைத் தேடி அதற்கு முன்பும் வெள்ளைக்காரர்கள் போயிருக்கிறார்கள். பலர் தலையையும் மூக்கையும் அளந்தார்கள், படம் எடுத்தார்கள், வில்லையும் அம்பையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்பிட்டலும் படம் எடுத்தவர்தான், எழுதியவர்தான். ஆனால் அந்த மக்களுக்கு எது வேதனையோ அதைத் தன் முதல் வேலையாக வைத்துக்கொண்டார். அதோடு, ஒருதரம் போய்விட்டு நின்றுவிடவில்லை. வேடர்களைப் பற்றிய அவரது முதல் நூலான 'வைல்ட் சிலோன்' 1924இல் வெளிவந்தது. 'வனிஷ்ட் ட்ரெயில்ஸ்' 1950இல் வந்தது. இரண்டுக்கும் இடையில் 26 வருடங்கள். அத்தனை காலம் திரும்பத் திரும்பப் போனவருக்கு, முதலில் கண்ட பிள்ளைகள் தகப்பன்மாராகியதும் தெரியும், அவர்களின் தகப்பன்மார் இறந்ததும் தெரியும்.

அங்கே போனபோது அவர் வைத்தியர் மட்டுமல்ல, மாணவரும்கூட. எந்தத் தடம் எந்த மிருகத்துடையது, தேன்கூட்டுக்குக் கொடியில் எப்படி இறங்குவது, இறந்தவர்களின் ஆவியை எப்படி அழைப்பது, பிள்ளையைத் தாலாட்டும் பாட்டு எது என்பதெல்லாம் அவர் கொழும்பில் படித்தவை அல்ல. கற்றுக்கொடுத்தவர்கள் வேடர்கள். தன் நூல்களில் அவர்களை ஒரு கூட்டமாக எழுதிவிட்டுப் போகாமல், பெயரும் உறவும் குணமும் உள்ள மனிதர்களாகவே எழுதினார். தீசாகாமி என்ற வேடரின் வாழ்க்கையை வைத்து 1941இல் ஒரு நாவல் எழுதினார். கொலைக்காரன் என்று பொலிசார் தேடிய ஒருவரை, கோபமும் பாசமும் துயரமும் உள்ள மனிதராக வாசகர்கள் முன் நிறுத்தினார். அவர் மகள் கிறிஸ்டீன் தகப்பனோடு காட்டுப் பயணங்களுக்குப் போய் வளர்ந்தவர். பின்னாளில் தானும் எழுத்தாளராகி, தகப்பனின் வாழ்க்கையை 'சேர்ஜன் ஒப் த வில்டர்னஸ்' என்ற நூலாக எழுதினார். ஒரு மகள் தகப்பனின் கதையை எழுதியது எனக்குப் பிடித்த விடயம்.

ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது நமது வழக்கம். ஆனால் ஸ்பிட்டலை அப்படி எழுதினால் நான் படித்ததில் பாதியை மறைத்தவளாவேன்.

அந்த நாவலுக்கு அவர் வைத்த பெயர் 'சாவேஜ் சாங்சுவரி'. காட்டுமிராண்டி என்று பொருள்படும் சொல் அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதை வாசிக்கும்போது என்ன நினைப்பார்கள்? இன்னொன்று, அவர்கள் அழிந்துபோகிறவர்கள் என்று அவர் நம்பினார். 'வனிஷ்ட் ட்ரெயில்ஸ்' என்றால் மறைந்துபோன தடங்கள். கடைசி வேடர்கள் என்பதும் அந்நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. சனத்தொகைக் கணக்குகளைப் பார்த்தால் அவர் சொன்னது சரி போலவே தோன்றும். 1911இல் சுமார் 5,300 வேடர்கள். 1946இல் சுமார் 2,400. 1963இல் சுமார் 400. அதன் பிறகு நெடுங்காலம் அவர்களைத் தனியாக எண்ணவில்லை. ஆனால் அத்தனை பேரும் இறந்துபோனதால் கணக்குக் குறையவில்லை. சிங்களக் கிராமங்களில் சிங்களவர் என்றும் நமது கரையில் தமிழர் என்றும் பதியப்பட்டு, தாளில் இருந்து மறைந்தவர்களே பலர். ஆட்கள் இருந்தார்கள். கேட்கத்தான் ஒருவரும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் அங்கு நின்ற எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஸ்பிட்டலைப் பற்றி வாசிப்பதைக் கண்ட மூத்தாப்பா, வேடரைப் பற்றி அறிய அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, தன்னுடைய வாப்பாவே அவர்களோடு வியாபாரம் செய்தவர் என்றார். கரையோர முஸ்லிம்கள் பொதிமாடு கட்டித் தவளம் போன காலத்தில் இருந்து இந்தத் தொடர்பு இருந்து வந்தது. இங்கிருந்து உப்பு, கருவாடு, புடவை, கோடரி போகும். அங்கிருந்து தேன், மெழுகு, மான்கொம்பு, வற்றல் இறைச்சி வரும். காட்டில் வழி தவறினால் கூட்டிவந்து விடுவார்கள், வாக்குத் தவறவே மாட்டார்கள் என்று மூத்தாப்பாவின் வாப்பா சொல்வாராம்.

நான் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மூத்தாப்பா குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னார். அந்த மக்களுக்குச் சந்தை விலை தெரியாது. ஒரு முழப் புடவைக்கு ஒரு குடம் தேன் வாங்கிய நாட்களும் உண்டு. அளவில் குறைக்காதே என்பது மார்க்கத்தின் கட்டளை. அளக்கத் தெரியாதவரிடம் வாங்கும்போதும் அந்தக் கட்டளை உண்டுதானே என்று தன்னுடைய வாப்பா கடைசிக் காலத்தில் கவலைப்பட்டதை மூத்தாப்பா என்னிடம் சொன்னார். உம்மா அப்போது அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதை உம்மாவுக்கும் புதிது. அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவரும் அதிகம் பேசவில்லை.

மீண்டும் ஸ்பிட்டலிடம் வருகிறேன். அவருடைய வாழ்க்கையில் இரண்டு அன்புகள் இருந்தன. ஒன்று வேடர்மீது. மற்றது காட்டு உயிர்கள்மீது. துப்பாக்கியோடு காட்டுக்குப் போகத் தொடங்கியவர், பின்னர் மிருகங்களைக் காப்பாற்றப் பேசுபவரானார். இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். அந்தச் சங்கத்துக்காக 1936இல் 'லோரிஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். 1937இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றும் நமது தேசிய பூங்காக்கள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. நாட்டுக்குக் கிடைத்த பெரிய நன்மை அது.

ஆனால் அவர் காலத்திலேயே வேடரின் காடு குறையத் தொடங்கியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. நமது முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன ஆற்றைத் தடுத்து சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அதனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்கள் விளைந்தன. அம்பாறைப் பக்கத்து நெல்லை நாமும் சாப்பிடுகிறோம். அதே நீருக்குக் கீழே வேடர்கள் வேட்டையாடிய நிலமும் போனது. மலைக்குகைகளில் இருந்தவர்கள் இறங்கி வேறிடம் போக நேர்ந்தது.

ஸ்பிட்டல் 1969 செப்டெம்பர் மாதம் காலமானார். அதற்கு 14 வருடங்களுக்குப் பின்னர், 1983இல், மதுறுஓயாக் காடு தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? அவர் பாடுபட்ட அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். தம்பானைப் பகுதி வேடர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாயிருந்த காட்டில் வேட்டையாடுவதும் தேன் எடுப்பதும் குற்றமாகியது. பல குடும்பங்கள் புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. மிருகங்களைக் காத்த சட்டம், அந்த மிருகங்களோடு வாழ்ந்த மனிதர்களுக்குக் கதவை அடைத்தது.

இதை வாசித்தபோது எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. 26 வருடங்களுக்கு மேல் அவர்களோடு பழகியவர், அவர்களை நேசித்தவர், அவர்களின் புண்ணைத் தன் கையால் கழுவியவர். அவர் பாடுபட்ட நல்ல காரியமே பிறகு அவர்களுக்குத் தடையாகியிருக்கிறது. அப்படியானால் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்த நான் அவர்களுக்கு எது நல்லது என்று எப்படிச் சொல்ல முடியும்? நல்ல மனது வேண்டும். அது மட்டும் போதாது. முடிவு எடுக்கும் இடத்தில் அவர்களும் அமர்ந்திருக்க வேண்டும்.

தம்பானை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலஎத்தோ 1996இல் ஜெனீவா சென்று, உலகப் பழங்குடி மக்களைப் பற்றி ஆராயும் ஐக்கிய நாடுகள் கூட்டத்தில் தம் மக்களின் காட்டுரிமையைப் பற்றிப் பேசினார். கடைசி வேடர்களைப் பற்றிய நூல் வெளிவந்து 46 வருடங்கள் கழித்து அது நடந்தது. 2007 செப்டெம்பர் மாதம் 13ஆம் திகதி பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. அந்த மக்களைப் பாதிக்கும் எந்தக் காரியத்தையும் தொடங்குமுன், முழு விபரத்தையும் தெரிவித்து, வற்புறுத்தாமல், அவர்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது அதன் முக்கியமான கருத்து. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பின்பே உள்ளே போக வேண்டும் என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதேதான் இது.

இந்த வருடம் பெற்றோரின் அனுமதியோடும் ஆசிரியையோடும் நாங்கள் ஐந்து மாணவிகள் மீண்டும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். வரலாமா என்று முன்கூட்டியே கேட்டனுப்பி, அவர்கள் சொன்ன நாளில் போனோம். பொதிகள் இல்லை. பாய் விரித்து இருக்கச் சொன்னார்கள். முதலில் பெயர்களைக் கேட்டோம். பிறகு எங்களால் ஆகக்கூடியது ஏதும் உண்டா என்று கேட்டோம். கொப்பியும் பால்மாவும் சொல்வார்கள் என்று நினைத்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மூன்று பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பதிலுக்குத் தாங்களும் ஏதாவது தர வேண்டும் என்று, களப்போரச் செடிகளில் எது மருந்து, எது நஞ்சு என்று எங்களுக்குக் காட்டித் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் உயிரியல் ஆசிரியைக்கும் அதில் சில தெரியாது என்பது பின்னர் தெரிந்தது. இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் இரு பக்கமும் பாடம் நடக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த மூதாட்டிக்கும் அங்கிருந்தவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ஸ்பிட்டல் ஊசி போட்ட கதையைக் கவனமாகக் கேட்டார்கள். தங்களுடைய பாட்டன் காலத்திலும் இந்தக் கரையில் அந்தப் புண் இருந்ததாகச் சொன்னார்கள். என் எழுத்தில் ஓரிடத்தில் அவர்களைப் பாவப்பட்ட மக்கள் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிடு மகள் என்று மூதாட்டி சொன்னார். எடுத்துவிட்டேன். தன்னுடைய பெயரையும் புத்தகத்தில் போட வேண்டாம், அது எனக்குத் தெரிந்திருந்தால் போதும் என்றார். அதனால் அதுவும் இங்கே இல்லை.

அன்புச் சகோதரிகளே, நாம் நாளை வைத்தியராகவோ ஆசிரியையாகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ ஒரு கிராமத்துக்குப் போவோம். நம் கையில் ஏதாவது ஒரு பெட்டி இருக்கும். ஸ்பிட்டலைப் போல அதைத் தூக்கிக்கொண்டு தூரம் நடப்போம், திரும்பத் திரும்பப் போவோம். அவர் விட்ட இடத்தில் இருந்து இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, அவர்களிடமே கேட்டுச் செய்வோம். பெற்றோர்களே, உங்கள் வீடுகளிலும் எங்கள் மூத்தாப்பாவிடம் இருந்தது போன்ற கதைகள் இருக்கலாம். அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெருமையான பாதியை மட்டுமல்ல, மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.